செவுள் அசைகிற வரை

– இன்னும் ஒரே ஒரு தடவை தூக்கிடுங்க, சென்செய். தலை கொஞ்சம் என் பக்கம். ஆங், அப்படித்தான். வெயில் அழகா வயித்துல விழுது. சிரிங்க.

– சீக்கிரம் எடு, தோபிதா. ரொம்ப நேரம் தண்ணிக்கு வெளிய வெச்சிருக்கக் கூடாது.

– மீனையும் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க, தோபிதா சார். அட்டைப்படத்துக்கு அதுதானே கதாநாயகி. உங்க குருநாதர், என் வீட்டுக்காரர், சும்மா தூக்கிப் பிடிக்கிற கம்பம்.

– நத்சுயோ! நீ இந்த ஆத்துப் பக்கம் வந்ததே அதிசயம். வந்தவ கரையில உக்காந்து சோளத்தைக் கடி. வேலை நடக்கிற இடத்துல பேச்சு வேண்டாம்.

– கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க முதல் தடவை தூக்கினப்போ கதிரை உரிக்க ஆரம்பிச்சேன். இப்போ பாதி காலி. அந்த மீன் இன்னும் ஒரு மூச்சு ஒழுங்கா விடலை.

– தப்பா நினைக்காதீங்க மேடம். இப்படி ஒரு இத்தோ மீன் வாழ்க்கையில ஒரு தடவைதான் மாட்டும். ஹொக்கைதோ தீவு முழுக்கத் தேடினாலும் இந்த அளவுக்குப் பத்து மீன் மிஞ்சியிருந்தா அதிகம். உங்க இடுப்பு உசரம் இருக்கு, பாருங்க.

– என் இடுப்பு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நீங்க மீனைப் பாருங்க.

– சரி, போதும். இறக்கறேன். பார்த்தியா நத்சுயோ, இதைத்தான் நான் இருபது வருஷமா எழுதறேன். பிடி, வணங்கு, விடு. கேட்டுக்கோ, இதுக்குப் பேருதான் நாகரிகம். போ தாயே, போ. உன் ஆத்துக்கே போ.

– போகலியே.

– போகும். கொஞ்சம் களைப்பு.

– மல்லாந்துடுச்சுங்க. வெள்ளை வயிறு மேல தெரியுது. உங்க தாய் தூங்கப் போறா போல.

– வாயை மூடு. தோபிதா, வலையைத் தூரப் போடு. நான் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போய்ப் பிடிச்சுக்கறேன்.

– கேமராவை நிறுத்திடட்டுமா, சென்செய்?

– எதுக்கு நிறுத்தணும்? இதையும் எடு. களைச்ச மீனை எப்படித் தேத்தறதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். வாலுக்கிட்ட ஒரு கை. அடிவயித்துல ஒரு கை. தலை நீரோட்டத்தைப் பார்த்து இருக்கணும். தண்ணி வாய் வழியாப் போய்ச் செவுள் வழியா வரும். அப்புறம் அதுவே ஒரு உதறு உதறிட்டுப் போயிடும். கட்டாயம் போகும்.

– பிள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டறதுன்னு சொல்வாங்க. ரெண்டையும் ஒரே ஆள் செய்யறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அதைப் படம் பிடிக்கறதுக்கு இன்னொரு ஆள் வேற.

– உனக்கு என்னடி தெரியும்? மாட்டுக்கொட்டகையில பிறந்தவ.

– அங்க பிறந்ததாலதான் தெரியும். பிறந்த கன்னு மூச்சு விடலேன்னா எங்கப்பா அதைத் தூக்கிக்கிட்டு நின்னு போட்டோவுக்குச் சிரிக்க மாட்டார். வாயில விரலை விட்டுச் சளியை எடுப்பார். வைக்கோலால முதுகைத் தேய்ப்பார். அப்பவும் சில கன்னு போயிடும். போயிட்டா ‘போயிடுச்சு’ன்னு சொல்லுவார். ‘கொஞ்சம் களைப்பு’ன்னு சொல்ல மாட்டார்.

– மேடம், இங்க சென்செய் ஒண்ணும் புதுசாச் செய்யலை. தூண்டில் முள்ளுல வாயைக் கிழிக்கிற பின்பல்லைக்கூடத் தட்டி நீக்கிட்டுத்தான் போட்டார். வாயில ஒரு கீறல் இல்லை. சுத்தமான வேலை.

– வாயில கீறல் இல்லை, சரி. உயிர் வாயிலயா இருக்கு? எவ்வளவு நேரம் அதை இழுத்தாரு, நீங்களே சொல்லுங்க. நான் ரெண்டு சோத்து உருண்டை தின்னு, பார்லி டீ குடிச்சு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு முழிச்சுப் பார்க்கறேன். தூண்டில் கம்பு அப்பவும் வளைஞ்சே இருக்கு.

– மெல்லிசு தூண்டில் நரம்பு போட்டிருக்கேன். மெல்லிசு நரம்புல பெரிய மீனைக் களைக்க வெச்சுக் கொண்டுவரதுதான் கலை. தடி நரம்பைப் போட்டு ஒரே இழுப்பா இழுக்கறது கசாப்புக்காரன் வேலை.

– கசாப்புக்காரன் ஒரே வெட்டுல முடிச்சிடுவான். நீங்க நூல் நூலா முடிக்கறீங்க. அதான் வித்தியாசம். மலை ஏறி இறங்கினவன் மூக்கைப் பொத்தி, ‘கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, வெயில் முகத்துல விழட்டும்’னு சொன்னா அவன் என்ன ஆவான்?

– மீன் மனுஷன் இல்லை.

– தாயேன்னு கூப்பிட்டது நீங்கதான்.

– தோபிதா, இவ பேசறது பதிவாகுதா?

– ஒலியை அப்பவே நிறுத்திட்டேன், சென்செய்.

– நல்ல வேலை. ஐயோ, கழுத்துல மாட்டு ஈ கடிக்குது. நத்சுயோ, வந்து தட்டிவிடு. எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு.

– கடிக்கட்டும். கொஞ்சம் ரத்தம் குடிச்சிட்டு அதுவே விட்டுடும். பிடி, கடி, விடு. நாகரிகமான ஈ.

– சிரிக்காதே தோபிதா.

– இருமினேன், சென்செய்.

– காலையிலேயே நான் சொன்னேனா இல்லையா? மழையைக் கண்ணால பார்த்து எத்தனை நாளாச்சு. ஆறு முழங்காலுக்கு வந்துடுச்சு. கையை வெச்சா குளிக்கிற தொட்டி மாதிரி வெதுவெதுன்னு இருக்கு. ரேடியோவுலகூட மாட்டை நிழல்ல கட்டுங்கன்னு சொல்றான். குளிர்ந்த தண்ணி மீனு இது. இந்த வெயில்ல அதை விட்டுவையுங்க, இலை பழுத்துக் குளிர் வரட்டும், அப்புறம் போய்ப் பிடிங்கன்னேன். கேட்டீங்களா?

– பத்திரிகையோட ஆண்டு மலர் இலை பழுக்கிற வரைக்கும் காத்திருக்குமா? நான் தொடங்கின சங்கத்துக்கு இருபதாம் வருஷம். பிடிச்ச மீனை விட்டுடணும்னு இந்த நாட்டுக்கே கத்துக்கொடுத்த சங்கம். அதுக்கு அட்டைப்படம் வேண்டாமா?

– வேணும் வேணும். அதுக்குத்தானே மீன் பிறக்குது.

– சென்செய்! ஒரு நிமிஷம். அசையாதீங்க.

– என்னடா?

– செவுளுக்குப் பின்னாடி பாருங்க. மூணு கறுப்புப் புள்ளி, முக்கோணமா. அதுக்குக் கீழ பிறை மாதிரி ஒரு தழும்பு. இதை நான் முன்னாடி பார்த்திருக்கேன். இருங்க, போன்ல உங்க பழைய புத்தகத்தோட அட்டை இருக்கு... கடவுளே. அதே மீன்தான், சென்செய்! நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க பிடிச்சு விட்டீங்களே, அதே மீன்!

– காட்டு. கிட்டக் கொண்டா, எனக்குக் கண்ணாடி இல்லை. ஆமா... ஆமா! அதேதான். தழும்புகூட அப்படியே இருக்கு. நத்சுயோ! பார்த்தியா? உயிரோட இருந்திருக்கு! நான் விட்டேன், அது பிழைச்சுது. நாலு வருஷம் நீந்தியிருக்கு, முட்டை போட்டிருக்கு, வளர்ந்திருக்கு!

– நல்ல சேதிதான். அன்னிக்கு எந்த மாசம்?

– மே மாசக் கடைசி. பனி உருகின தண்ணி. விரல் விறைச்சுப் போச்சு, நல்லா ஞாபகம் இருக்கு.

– அன்னிக்குப் பிழைச்சது நீங்க விட்டதாலயா, தண்ணி ஜில்லுன்னு இருந்ததாலயா?

– எல்லாத்துக்கும் ஒரு நொட்டை. கேட்டுக்கோ, ஆகஸ்டுல மீன் பிடிக்க விடாம ஆத்தை மூடணும்னு கிராமக் கூட்டத்துல கத்தறாங்களே சில பேர், பல்கலைக்கழகத்துலேருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து. ‘வெயில் காலத்துல பிடிச்ச மீன் நீந்திப் போற மாதிரி போகும், ஒரு மடு தள்ளிப் போய்ச் செத்துடும்’னு. இந்த ஒரே மீன் போதும் அவங்க வாயை அடைக்க. அதே மீன், ரெண்டாவது தடவை, அதே கை!

– தலைப்பு கிடைச்சாச்சு, சென்செய். ‘அவள் திரும்பி வந்தாள்.’ ரெண்டு பக்கத்துக்கு விரிச்சுப் போடலாம்.

– முதல்ல அவ திரும்பிக் குப்புறப் படுக்கட்டும். இன்னும் ஒரு பக்கமா சாயறாளே.

– உன்னால ஒரு நல்ல நிமிஷத்தைக்கூட அனுபவிக்க முடியாது. உங்க குடும்பத்துக்கே அந்த ரசனை கிடையாது. மீனைக் கண்டா சட்டியைத் தேடற கூட்டம். உன் தம்பி மாதிரி கொன்னு தொங்கவிட்டவனா நான்? சொல்லு. நான் கொன்னு தின்னவனா?

– அவனைப் பத்தி நீங்க பேசாதீங்க.

– ஏன் பேசக் கூடாது? இருக்கிறதைத்தானே சொல்றேன்.

– தோபிதா சார், நீங்க சொல்லுங்க. என் தம்பி இசாமுவோட படத்தை எடுத்தது நீங்கதானே?

– அது... தப்பா நினைக்காதீங்க மேடம். பத்திரிகை ஆசிரியர் கேட்டார். நான் ரோட்டுலேருந்துதான் எடுத்தேன். அவர் வீட்டுக்குள்ள காலே வைக்கலை.

– வெச்சிருந்தா எங்கப்பாவைப் பார்த்திருப்பீங்க. ஜன்னலோரம் படுக்கையில கிடந்தார். எதைக் குடுத்தாலும் வாந்தி. ஒருநாள் திடீர்னு சொன்னார், ‘இத்தோ ரசம் குடிக்கணும்’னு. அவர் சின்னப் பிள்ளையா இருந்தப்போ இங்க வந்து காடு வெட்டினவங்களுக்கு அதுதான் குளிர்காலச் சாப்பாடு. இசாமு ஆத்துக்குப் போனான். ஒரு மீன் பிடிச்சான். கட்டையால தலையில ஒரே அடி. கழுவி வாசல்ல தொங்கவிட்டான். ரசம் வெச்சோம். எங்கப்பா நாலு கரண்டி குடிச்சார். வாந்தி எடுக்கலை. ‘போதும்டா, நல்லா இருந்தது’ன்னார். அவர் ஒரு சாப்பாட்டை நல்லா இருந்ததுன்னு சொன்னது அதுதான் கடைசி.

– அழிஞ்சுக்கிட்டிருக்கிற இனம் அது, நத்சுயோ. சட்டம் இல்லாட்டி என்ன, ஒரு நெறி வேண்டாமா?

– நெறிதான் வேணும். அடுத்த மாசம் உங்க பத்திரிகை வருது. முழுப் பக்கத்துக்கு என் தம்பி முகம். கீழ கொட்டை எழுத்துல ‘ஆற்றின் கொலைகாரன்.’ எழுதினது அவனோட அத்தான். அதுக்கப்புறம் அவன் நடத்தின விடுதிக்கு ஒரு ஈ காக்கா வரலை. ஊர் பேர் தெரியாதவனெல்லாம் போன் பண்ணி, ‘செத்துத் தொலை’ன்னான். சுவத்துல சிவப்புப் பெயின்ட்ல என்னமோ எழுதிட்டுப் போனாங்க. அவன் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல மீன்காரின்னு கூப்பிட்டு அழவெச்சாங்க. கடைசியில குடும்பத்தோட துறைமுகத்துக்குப் போயிட்டான். பால் லாரி ஓட்டறான். எங்கப்பா காரியத்துக்கு வந்தவன் கூடத்துக்குள்ள வரலை. மழையில வெளிய நின்னான். ஏன்னா உள்ள நீங்க உக்காந்திருந்தீங்க.

– நான் ஒரு மீனுக்காகத்தான் எழுதினேன். உன் தம்பிமேல எனக்கு என்ன பகை?

– அந்த ரசத்தை நானும் குடிச்சேங்க.

– தெரியும்.

– ஒரு வாய் இல்லை. ரெண்டு கிண்ணம்.

– தெரியும்னு சொன்னேனே.

– தெரிஞ்சும் என் பேரை எழுதலியே, ஏன்? ‘கொலைகாரனும் அவன் அக்காளும்’னு போட்டிருக்கலாமே. போட்டா அந்த அக்கா யார் பெண்டாட்டின்னு கேட்பாங்க. உங்க நெறி அங்கே வந்ததும் முழங்கால் அளவுத் தண்ணியா நின்னுடுச்சு.

– சென்செய்...

– இரு தோபிதா, பேசிக்கிட்டிருக்கேன்ல.

– இல்லை சென்செய். செவுள் அசையலை.

– அசையுது.

– நீங்க கையை ஆட்டறதால அசையுது. கையைக் கொஞ்சம் நிறுத்துங்க.

– நிறுத்திட்டேன்.

– அசையலை.

– வாய் திறந்தபடியே இருக்கு. கண்ணு உருளலை. நான் எத்தனையோ கன்னைப் பார்த்திருக்கேங்க. இது போயிடுச்சு.

– இல்லை. இன்னும் கொஞ்ச நேரம்.

– போயிடுச்சுங்க. விடுங்க.

– தப்பா நினைக்காதீங்க. ஒரு வழி இருக்கு. நான் சொல்றதை ரெண்டு பேரும் கோபப்படாமக் கேக்கணும்.

– சொல்லு.

– நீங்க அப்படியே அதை நிமிர்த்திப் பிடிங்க. முதுகு மட்டும் தண்ணிக்கு மேல தெரியட்டும். நான் கரைமேல ஏறி மேலேருந்து எடுக்கறேன். நீங்க மெதுவா முன்னால தள்ளி விடுங்க. அது சாயறதுக்குள்ள எனக்குப் படம் கிடைச்சிடும். பார்க்கறவனுக்கு அது நீந்திப் போற மாதிரிதான் இருக்கும். நீரோட்டம் பாக்கியைப் பார்த்துக்கும்.

– அடேயப்பா.

– மேடம், இது பொய் இல்லை. நாலு வருஷம் பிழைச்ச மீன்தானே. அது உண்மைதானே. ஒரு நாள் வெயிலுக்காக அந்த உண்மை வீணாப் போகணுமா?

– இன்னும் என்னங்க பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? செய்யுங்க. நான் தடுக்கலை. செத்ததை நீந்தவைக்கறதையும் பார்த்துட்டுப் போறேன். இத்தனை வருஷம் குப்பை கொட்டினதுக்கு இந்தக் காட்சியாவது மிஞ்சட்டும்.

– தோபிதா.

– சென்செய்?

– எந்தப் பக்கம் தள்ளினா... நிழல் விழாது?

– இடது பக்கம், சென்செய். கொஞ்சம் இடது.

– ஹா!

– ஏன் சிரிக்கறே நத்சுயோ?

– ஒண்ணுமில்லை. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். இங்க ஓநாய் குடையை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னு கேக்குது. தள்ளுங்க. இடது பக்கம் தள்ளுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?

– முடியலை.

– கை வலிக்குதா?

– கை இல்லை. இது... பாரு, எவ்வளவு கனமா இருக்கு. உயிரோட இருந்தப்போ இந்தக் கனம் தெரியலை. தோபிதா, கேமராவைக் கீழ வை.

– சென்செய், அட்டைப்படம்...

– கீழ வைடான்னா! நத்சுயோ. இதை இப்போ என்ன செய்யறது?

– என்னைக் கேட்டா? இருபது வருஷமா மீனைப் பத்தி எழுதினது நீங்க.

– தண்ணியில விட்டா கீழ பாலத்துக்கிட்ட போய் ஒதுங்கும். காக்கா கொத்தும். புதைச்சாலும் வீண். இவ்வளவு பெரிய மீன்.

– அப்போ அறுங்க. சாப்பிடுவோம்.

– எனக்கு அறுக்கத் தெரியாது.

– என்னது?

– மீன் அறுக்கத் தெரியாது. ஒரு தடவைகூட அறுத்ததில்லை. எங்க கத்தியை வைக்கறதுன்னுகூடத் தெரியாது.

– எனக்கும் இந்த அளவுக்கு மீனை அறுத்துப் பழக்கமில்லை. தெரிஞ்ச ஆள் ஒருத்தன்தான் இருக்கான். அவன் பேரைச் சொல்லட்டுமா?

– போன் போடு.

– நான் போட மாட்டேன். நீங்க பேசினா போட்டுத் தரேன். அவன் எடுத்ததும் வெச்சிடுவான், அதுக்குள்ள சொல்ல வேண்டியதைச் சொல்லணும்.

– சென்செய், தயவுசெஞ்சு யோசிங்க. அவர் வெளிய சொன்னா சங்கம் என்ன ஆகும்? ஆண்டு மலர் என்ன ஆகும்?

– போடு நத்சுயோ.

– இங்க போன் எடுக்காது. அந்த வில்லோ மரத்துக்கிட்ட, ஓடை வந்து சேர்ற இடத்துல சிக்னல் ஒரு கோடு வரும். அங்க வாங்க.

– இதை விட்டுட்டு எப்படி வர்றது?

– பிடிச்சுக்கிட்டே வாங்க. தண்ணியோட இழுத்துட்டு வாங்க, தலையை முன்னால வெச்சு. நான் செருப்பைக் கழட்டிட்டு இறங்கறேன். ஐயோ, கல்லு வழுக்குது. தோபிதா சார், கை குடுங்க... ம், வரிசையா மூணு பேரும் நல்லா இருக்கோம். சவ ஊர்வலம்தான். பிணம் முன்னால போகுது.

– மெதுவா வா. அங்க பள்ளம்.

– மணி அடிக்குது. இந்தாங்க, உங்க காதுக்கிட்ட வெச்சுப் பிடிக்கறேன். பேசுங்க.

– இசாமு... நான்தான். ஆமா, குராமோச்சி... வெச்சிடாதே. உங்கக்கா நல்லா இருக்கா, பக்கத்துலதான் நிக்கறா... இல்லை, வேற விஷயம். ஒரு மீன் செத்துப்போச்சு. என் கையில... ஆமா, இத்தோ. பெருசு. பொட்டை மீன்... இல்லைடா, கிண்டல் பண்ணலை. சத்தியமா... கேளு. அன்னிக்கு நான் எழுதினேனே. அது தப்பு... தப்புன்னுதான் சொல்றேன். உனக்குக் கேக்கலியா?... திரும்பச் சொல்லணுமா? தப்பு. நீ உங்கப்பாவுக்காகக் கொன்னே. நான் ஒரு அட்டைப்படத்துக்காகக் கொன்னேன். எத்தனை வருஷமா எத்தனை கொன்னேனோ, திரும்பிப் பார்க்காம வந்ததால தெரியலை... நீ கத்தியோட வா. எனக்கு அறுக்கத் தெரியாது. எல்லாருமா உக்காந்து சாப்பிடலாம்... இசாமு? இருக்கியா?... சரி. சரி. ஓடை சேர்ற இடம், தெரியும்ல. வில்லோ மரம். சரி.

– என்ன சொன்னான்?

– வண்டியை எடுக்கறானாம். பால் இறக்கிட்டானாம். பெரிய லாரி இல்லை, வீட்டுல இருக்கிற குட்டி வண்டி.

– அழுதானா?

– மூக்கை உறிஞ்சினான். ‘அத்தான்’னு கூப்பிட்டான்.

– கூப்பிட்டானா?

– கடைசியில. வெக்கறதுக்கு முன்னாடி.

– உங்க கழுத்துல ரத்தம். ஈ நல்லாக் கடிச்சிருக்கு. இருங்க, தொடச்சு விடறேன்.

– காலெல்லாம் நனைஞ்சுடுச்சே உனக்கு.

– நனையட்டும். இங்க என்னங்க தண்ணி இப்படி ஜில்லுன்னு இருக்கு! கணுக்கால் வலிக்குது.

– காட்டு ஊத்துத் தண்ணி. எந்த வெயில்லயும் இப்படித்தான் வரும்.

– இங்க குடுங்க, கொஞ்ச நேரம் நான் பிடிச்சுக்கறேன். நீங்க கையை உதறிக்கங்க. வாலைத்தானே பிடிக்கணும்? இப்படியா?

– இன்னும் கொஞ்சம் மேல. ம்.

– உங்க கை நடுங்குது. எடுத்துடுங்க, நான் பிடிச்சுட்டேன்.

– நான் கையை எடுத்துட்டேனே.

– அப்போ ஆடறது எது? என்னங்க! ஆடறது எது?

– செவுள்! சென்செய், செவுள் திறக்குது! மூடுது! திறக்குது!

– பிடிச்சுக்கோ நத்சுயோ, விட்டுடாதே! தலையை ஓடைப் பக்கம் திருப்பு! அப்படியே! அசைக்காதே!

– ஐயோ, என்ன பலம் இதுக்கு! கையை முறிக்குதே... அம்மா!

– போயிடுச்சு!

– என் மூஞ்சியெல்லாம் தண்ணி. எங்க போச்சு? எங்க?

– அதோ, மரத்து நிழலுக்கு அடியில. நேரா நிக்குது, பாரு. துடுப்பு விசிறுது. இப்போ ஆழத்துக்குப் போகுது... போயிட்டா. போயிட்டா என் தாய்!

– நான் செத்துடுச்சுன்னு சொன்னேனே. நான் சொன்னதும் தப்பாப் போச்சு. நல்ல வேளை. தப்பாப் போனதே நல்ல வேளை.

– எடுத்துட்டேன், சென்செய்! கடைசி உதறலை எடுத்துட்டேன்! கேமராவைக் கீழ வைக்கவே இல்லை, மன்னிச்சுடுங்க. தண்ணி தெறிச்சு, நடுவுல வால்! இதை மிஞ்சி ஒரு அட்டை வராது!

– மன்னிப்பா? உன்னைத் தூக்கி வெச்சுக் கொண்டாடணும்டா. நான் அதுல இருக்கேனா?

– மேடத்தோட கைதான் தெரியுது. ஓரத்துல வெட்டிடலாம்.

– வெட்டிடு. பார்த்தியா நத்சுயோ? செத்துடுச்சு, விடு விடுன்னியே. நான் விட்டேனா? கேட்டுக்கோ, இதுக்குத்தான் கைப்பழக்கம்னு பேரு. வேற எவனாவது இருந்தா அங்கேயே கைவிட்டிருப்பான்.

– ஊத்துத் தண்ணிக்கு வந்ததாலதாங்க அது பிழைச்சுது. போன் பேச வந்தோமே, அதனால.

– தண்ணி எல்லா இடத்துலயும் தண்ணிதான். பிடிச்ச பிடி இருக்கே, அதுதான் விஷயம். ஆகஸ்டு வெயில்ல, இந்தத் தண்ணியில, இத்தனை நேரம் ஆட்டம் காட்டின மீனே பிழைச்சுது. இனி எவன் ஆத்தை மூடணும்னு பேசறான்னு பார்க்கறேன்.

– ராத்திரி தாங்குமா அது?

– தாங்கும். இன்னும் நாலு வருஷம் கழிச்சு நானே மறுபடி பிடிப்பேன். தோபிதா, கட்டுரையில ‘மூணாவது சந்திப்புக்குக் காத்திருக்கிறேன்’னு முடிக்கணும், ஞாபகப்படுத்து.

– முடிச்சிடலாம், சென்செய்.

– அப்புறம் நத்சுயோ, உன் தம்பிக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லிடு. மீன்தான் இல்லையே.

– நீங்க அவன்கிட்ட சொன்னது?

– என்ன சொன்னேன்?

– தப்புன்னு சொன்னீங்களே. மூணு தடவை.

– அது மீன் செத்துடுச்சுன்னு நினைச்சுச் சொன்னது. மீன் சாகலை. அப்போ அந்தப் பேச்சும் இல்லை. நான் எதையும் கொல்லலை, அவன் கொன்னான். அன்னிக்கு எழுதினது எழுதினதுதான். தோபிதா, போன்ல பேசினதை எடுத்துத் தொலைச்சியா?

– ஒலி இல்லாமத்தான், சென்செய்.

– இருந்தாலும் அழிச்சிடு. நத்சுயோ, என்ன நின்னுக்கிட்டே இருக்கே? சீக்கிரம் போடு. அவன் பாதி வழி வந்துடப் போறான்.

– வரட்டும். வண்டி காலியாப் போகாது. நான் ஏறிக்கறேன்.